கடைவீட்டுச் சுவரில் கைவைக்குமுன்

பினாங்கு ஜார்ஜ்டவுனின் பழைய கடைவீடுகள் சிமெண்டால் கட்டப்பட்டவை அல்ல. செங்கல்லும் சுண்ணாம்புச் சாந்தும்தான். தரையிலிருந்து ஏறும் ஈரத்தைச் சுண்ணாம்புப் பூச்சு வெளியே விட்டுவிடும். அதன் மேல் சிமெண்ட் பூசினால் ஈரம் உள்ளேயே அடைபட்டு, உப்பு பூத்து, செங்கல்லே உதிரத் தொடங்கும். நல்லெண்ணத்தோடு செய்த பழுதுபார்ப்பே வீட்டைக் கெடுப்பது வேதனையான விஷயம்.

சரியான பழுதுபார்ப்பைக் கற்க வழி ஊரிலேயே இருக்கிறது. 2008இல் யுனெஸ்கோ உலக மரபுரிமைத் தகுதி கிடைத்த பின் உருவான ஜார்ஜ்டவுன் உலக மரபுரிமை நிறுவனத்தின் அலுவலகம் லெபோ ஆச்சே தெருவில் உள்ளது. பழைய கட்டடப் பராமரிப்பு பற்றிய பயிலரங்குகளையும் வெளியீடுகளையும் அங்கே விசாரிக்கலாம். மரபுரிமை வட்டாரத்தில் வீடு வைத்திருப்போர் வேலை தொடங்குமுன் பினாங்குத் தீவு மாநகர் மன்றத்தின் அனுமதி பற்றியும் கேட்டறிவது அவசியம்.

வேலைக்கு ஆள் பிடிக்கும்போது, கட்டுமானத் தொழில் மேம்பாட்டு வாரியத்தின் (சிஐடிபி) அட்டை இருக்கிறதா என்று பாருங்கள். பாதுகாப்புப் பயிற்சி முடித்த கட்டுமானத் தொழிலாளருக்கே அது கிடைக்கும். ஆனால் சுண்ணாம்பு வேலை தெரியும் என்பதற்கு அது சான்றாகாது. முன்பு பூசிய சுவர் ஒன்றைக் காட்டச் சொல்லுங்கள்.

தாமே பூசிப் பழக விரும்புவோர் முதலில் பின்கட்டில் ஒரு சிறு பகுதியை எடுத்துக்கொள்ளலாம். சுவரை நன்றாக நனைத்து, ஒரு பங்கு சுண்ணாம்புக்கு மூன்று பங்கு உப்பில்லாத மணல் சேர்த்து, மெல்லிய அடுக்குகளாகப் பூச வேண்டும். வெயிலில் சட்டென்று காய்ந்தால் வெடிக்கும், ஈரச்சாக்கு தொங்கவிடுங்கள். சுண்ணாம்பு கண்ணைச் சுட்டுவிடும். கண்ணாடியும் கையுறையும் கட்டாயம்.