ஜம்போ காடை: பெயரும் எடையும்

நம்பிக்கை: ஜம்போ காடை தனி இனம், ஊசி போட்டுப் பெருக்க வைத்த பறவை.

உண்மை: சின்னக் காடையும் ஜம்போவும் ஒரே ஜப்பானியக் காடைதான். 1974-இல் கலிபோர்னியாவிலிருந்து இந்தியாவுக்கு வந்த பறவை இது. நான்காவது, ஐந்தாவது வாரத்தில் எடை கூடி நிற்பவற்றையே இனப்பெருக்கத்துக்கு நிறுத்தி, அவற்றின் குஞ்சுகளிலும் அப்படியே பொறுக்கிக்கொண்டு போனால் தலைமுறைக்குத் தலைமுறை உடல் பெருக்கும். சென்னை நந்தனம் கோழியின ஆராய்ச்சி நிலையத்தின் நந்தனம் காடையும், நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியின் நாமக்கல் காடையும் இப்படிப் பொறுக்கி உருவாக்கியவையே. ஊசிக்கு இங்கே வேலையில்லை. ‘பெட்டை சேவலைவிடக் கனமாக இருக்கிறதே, அது இயல்பா?’ என்ற சந்தேகம் கோழியைப் பார்த்துப் பழகியதால் வருவது. காடையில் பெட்டைதான் கனம். முட்டையிடும் பருவத்தில் அதன் முட்டைக்குழாயும் ஈரலும் பெருத்து எடையைக் கூட்டுகின்றன. அந்தக் கூடுதல் முழுவதும் கறியாகாது.

நம்பிக்கை: இன்னும் சில வாரம் தீனி போட்டால் இன்னும் பெருக்கும்.

உண்மை: பொரித்த அன்று குஞ்சு 7 முதல் 10 கிராம்தான். அதுவே ஐந்து வாரத்தில், சுமார் அரைக் கிலோ தீவனத்தில், கறிக்கான வகைகளில் 200 கிராமை ஒட்டி வந்துவிடுகிறது. ஆறு, ஏழு வாரத்தில் பெட்டை முட்டையிடத் தொடங்குகிறது. அதன்பின் தின்னும் தீனியில் பெரும்பங்கு முட்டைக்குப் போகிறது, உடல் வளர்ச்சி தளர்ந்துவிடுகிறது. ‘ஜம்போ 300 கிராம் என்கிறார்களே?’ என்று கேட்கலாம். அந்த எடை பெரும்பாலும் நன்கு முதிர்ந்த பெட்டையின் உயிர் எடை. ஐந்து வாரச் சேவலிடம் அதை எதிர்பார்த்துக் கணக்குப் போட்டால் நட்டமே மிஞ்சும். உரித்துச் சுத்தம் செய்தால் உயிர் எடையில் ஏறத்தாழ 70 விழுக்காடுதான் நிற்கும் என்பதையும் அந்தக் கணக்கில் சேர்க்க வேண்டும்.

நம்பிக்கை: உடல் இரண்டு மடங்கானால் முட்டையும் இரண்டு மடங்கு.

உண்மை: சாதாரணக் காடை முட்டை 10 கிராமை ஒட்டியது, ஜம்போவின் முட்டை பெரும்பாலும் 12 முதல் 14 கிராம். உடல் பெருக்கிற வேகத்தில் முட்டை பெருப்பதில்லை. ஒரு கோழி முட்டைக்கு ஈடாக ஐந்து காடை முட்டை என்ற கணக்கு, ஜம்போவானால் நான்காகக் குறையலாம், அவ்வளவே. பெரிய முட்டையிலிருந்து சற்றுப் பெரிய குஞ்சு வரும் என்பது உண்மைதான். பொரிக்கும் குஞ்சின் எடை முட்டை எடையில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு. ஆனால் அதன்பின் குஞ்சு எவ்வளவு வளரும் என்பதைத் தாய் தந்தையின் வழியும் தீனியுமே முடிவு செய்கின்றன. அளவுக்கு மீறிப் பெருத்த முட்டையில் இரட்டைக் கரு இருக்கலாம். அது பொரிப்பது அரிது. அதை அடைக்கு வைக்காமல் சமையலுக்கு எடுத்துக்கொள்வதே நல்லது.

புதுச்சேரி கருவடிக்குப்பத்தில் மாடியிலோ தோட்டத்திலோ கூண்டு வைக்க நினைப்பவர்கள் குஞ்சு வாங்கும்போது மூன்று கேள்வி கேளுங்கள்: சொல்லும் எடை எத்தனை வாரத்தில்? சேவலா, பெட்டையா? உயிர் எடையா, உரித்த எடையா? சந்தேகமிருந்தால் குரும்பாபேட்டில் உள்ள கால்நடை மருத்துவக் கல்லூரியில் விசாரியுங்கள். ஐந்தாவது வாரம் பத்துக் காடைகளையாவது நீங்களே நிறுத்துப் பாருங்கள். வயதும் பாலும் சொல்லாத எடையை நம்பிப் பணம் போடாதீர்கள்.