கைநீட்டாத கணவனும் வன்முறையும்: வெளியே வர ஒரு முழுமையான வழிகாட்டி

1. நடப்பதைப் புரிந்துகொள்ளுங்கள்

"அவர் கைநீட்டினதே இல்லை" என்பாள் மனைவி. ஆனால் அவள் சம்பளம் விழும் ஏடிஎம் கார்டு அவனிடம் இருக்கும். அம்மாவோடு போனில் என்ன பேசினாள் என்று தினமும் ஒப்பிக்க வேண்டும். 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தில் அடி, உதை, பாலியல் கொடுமையோடு வசவு, அவமானம், பணத்தை முடக்குவது எல்லாமே வன்முறைதான். தாலி கட்டாமல் கணவன் மனைவி போல வாழ்பவருக்கும் இச்சட்டம் உண்டு.

2. மனசுக்கு என்ன ஆகிறது?

பைக் சத்தம் கேட்டதும் டிவியை அணைத்து, பிள்ளையை அதட்டி உட்கார வைத்து, உள்ளே வருபவன் முகத்தைப் பார்த்தே அன்றைய ராத்திரி எப்படிப் போகும் என்று கணிப்பாள். இப்படியே பழகிய உடம்பு அவன் ஊரில் இல்லாதபோதும் ஓயாது. தூக்கம் கெடும். நடந்ததைக் கோர்வையாகச் சொல்ல வராது, தேதி மாறும். அதைப் பிடித்துக்கொண்டு பொய் என்று சொல்லிவிடுகிறார்கள், அநியாயம்.

கைநீட்டும் வீடுகளில் அடித்த மறுநாள் அல்வாவும் மல்லிகைப்பூவும் வரும். இறுக்கம், வெடிப்பு, கொஞ்சல் என்ற இந்தச் சுழற்சியை அமெரிக்க உளவியலாளர் லெனோர் வாக்கர் 1979இல் எழுதினார். எல்லா வீட்டிலும் இதே வரிசையில் நடப்பதில்லை. கொஞ்சலே இல்லாத வீடுகளும் உண்டு.

3. எழுதி வையுங்கள்

தேதி, நேரம், பார்த்தவர் யார் என்று குறித்து வையுங்கள். அவன் உங்கள் போனை நோண்டுபவன் என்றால் போனில் வேண்டாம். ஆஸ்பத்திரியில் "வழுக்கி விழுந்துட்டேன்" என்று சொல்லாதீர்கள். டாக்டர் எழுதுவதே பின்னால் சாட்சி.

4. யாரிடம் போவது?

நேரே போலீசுக்குத்தான் போக வேண்டும் என்பதில்லை. பெண்கள் உதவி எண் 181ஐ அழைக்கலாம். தமிழ்நாட்டில் மாவட்ட சமூக நல அலுவலகத்தில் பாதுகாப்பு அலுவலரைப் பார்க்கலாம். அவர் அறிக்கை எழுதி மாஜிஸ்திரேட்டுக்கு அனுப்புவார். வீடு மாமனார் பெயரில் இருந்தாலும், நீங்கள் குடும்பமாக வாழ்ந்த வீடென்றால் அங்கே தங்கும் உரிமையைக் கோர்ட்டில் கேட்கலாம். கோர்ட் தரும் பாதுகாப்பு உத்தரவை அவன் மீறினால் ஓராண்டு வரை சிறையோ 20,000 ரூபாய் வரை அபராதமோ இரண்டுமோ உண்டு. இலவச வக்கீலுக்கு 15100, மனநல ஆலோசனைக்கு 14416.

5. கிளம்பும் நாள்

ஆபத்து அதிகமாவது இப்போதுதான். சண்டையில் "நான் போறேன்" என்று அறிவிக்காதீர்கள். ஆதார், பாஸ்புக், பிள்ளைகளின் பிறப்புச் சான்று, மருந்து ஆகியவற்றை முன்கூட்டியே நம்பகமான ஒருவர் வீட்டில் சேர்த்துவிடுங்கள். அவசரத்துக்கு 112.

பெற்றவர்களுக்கும் ஒரு வார்த்தை. பெண் பையோடு வந்து நின்றால், "அனுசரிச்சுப் போம்மா" என்று இரண்டே நாளில் பஸ் ஏற்றி அனுப்பிவிடாதீர்கள்.