ஆயில் மாற்றுவது போல ஒரு வைத்தியம்

மெக்கானிக்கல் படிக்கிற இவனுக்கு ரத்தத்தைப் பற்றி என்ன தெரியும் என்று நினைக்காதீர்கள். குழாய், அடைப்பு, பம்பு எல்லாம் நம் பாடம்தானே!

ரத்தம் உறையாத நோயைப் பற்றி நாம் அறிவோம். தேவையில்லாத இடத்தில் உறைகிற நோயும் உண்டு. அவற்றுள் மிக அரிதான ஒன்று டி.டி.பி. 1924-இல் நியூயார்க் மருத்துவர் மாஷ்கோவிட்ஸ் இதை முதன்முதலாக விவரித்தார். அவர் கண்ட 16 வயதுப் பெண் பிழைக்கவில்லை.

காயத்தில் தட்டணுக்களை ஒட்டவைக்க, ரத்தத்தில் வான் வில்லிபிராண்ட் காரணி என்ற நீண்ட புரதச் சங்கிலி இருக்கிறது. அதை அளவாக வெட்டிவிடுவது ஆடம்ட்ஸ்-13 என்ற நொதி. உடம்பின் எதிர்ப்புச் சக்தியே இந்த நொதியைத் தாக்கினால், வெட்டப்படாத சங்கிலியில் தட்டணுக்கள் கொத்தாக ஒட்டி, மூளை, இதயம், சிறுநீரகத்தின் நுண்குழாய்களை அடைத்துவிடும். காய்ச்சல், தோலில் செம்புள்ளிகள், சோகை, பேச்சில் குழப்பம் ஆகியவை அறிகுறிகள். வைத்தியம் இல்லையேல் பத்தில் ஒன்பது பேர் இறந்துவிடுவார்கள்.

வைத்தியத்தை நம்ம ஒர்க்‌ஷாப் பாஷையிலேயே சொல்றேன். எஞ்சின் ஆயில் கெட்டுப்போச்சுன்னா, மேலே கொஞ்சம் புதுசு ஊத்தினா போதுமா? பழசை வடிச்சிட்டுத்தானே ஊத்தணும்? இங்கேயும் அதேதான். நோயாளியின் பிளாஸ்மாவை இயந்திரத்தால் பிரித்தெடுத்து, கொடையாளர்களின் பிளாஸ்மாவை ஏற்றுகிறார்கள். கெட்ட எதிர்ப்பொருள் வெளியேறும். நல்ல நொதி உள்ளே வரும். 1991-இல் வெளியான கனடா ஆய்வில், பிளாஸ்மாவை ஏற்ற மட்டும் செய்தவர்களில் ஆறு மாதம் கழித்து 63 சதவீதம் பேர் உயிரோடு இருந்தனர். மாற்றியவர்களில் 78 சதவீதம்! எதிர்ப்புச் சக்தியை அடக்க ஸ்டீராய்டும் சேர்த்துத் தருகிறார்கள். 2018-இல் ஐரோப்பா அனுமதித்த கேப்லாசிசுமாப் என்ற மருந்து, தட்டணு ஒட்டுவதையே தடுக்கிறது. நோய் திரும்பவும் வரலாம் என்பதால், பிழைத்தவர்கள் நொதியின் அளவைச் சோதித்துக்கொண்டே இருக்க வேண்டும்.

இப்போ ஒரு சின்னக் கணக்கு. ஒரு தடவை மாற்ற ஏறக்குறைய 2.5 லிட்டர் பிளாஸ்மா தேவை. ஒருவர் தரும் ரத்தத்தில் கிடைப்பது சுமார் 200 மில்லி. அப்படியானால் ஒரு நாளைக்கு 12 பேர்! இப்படித் தினமும், பல நாட்கள். நோய் வந்த பிறகு ஆள் தேட நேரம் கிடையாது. உறைய வைத்த பிளாஸ்மா ஓராண்டு வரை கெடாது என்பதால், முன்கூட்டியே கொடுத்து வைப்பதுதான் வழி.

எனவே நண்பர்களே, அடுத்த என்.எஸ்.எஸ். ரத்ததான முகாமில் ‘யாருக்குப்பா இது?’ என்று கேட்காமல் கையை நீட்டுங்கள். முகம் தெரியாத பன்னிரண்டு பேரில் ஒருவராக இருப்பதும் பெருமைதான்!