காய்ச்சலுக்கு வாங்கிய பிரெட்

கேள்வி: எங்கள் வீட்டில் தினமும் பிரெட் சாப்பிடுகிறவர்கள் யாரும் இல்லை. யாருக்காவது காய்ச்சல் வந்தாலோ, பிள்ளை சாண்ட்விச் கேட்டாலோ ஒரு பாக்கெட் வாங்குவோம். நாலு துண்டு போகும். மீதி அப்படியே கிடக்கும். கெட்டுப்போகக் கூடாதே என்று ஃபிரிட்ஜில் வைத்தால் மறுநாளே விறைத்துப் போகிறது. உப்புமா செய்தால் களியாகிவிடுகிறது. மாமியார், “சாப்பாட்டுப் பொருளைக் குப்பையில் போடாதே, தெருவில் வரும் மாட்டுக்காவது போடு” என்கிறார். பழைய பிரெட்டை உருப்படியாகத் தீர்க்க என்ன வழி? எது வரைக்கும் சாப்பிடலாம்? மாட்டுக்குப் போடலாமா?
– ஒரு வாசகி, ஈரோடு

பதில்: உங்கள் மாமியார் சொன்னதில் பாதியை முழு மனதோடு ஏற்கிறேன். மாட்டு விஷயத்தைக் கடைசியில் பார்ப்போம்.

முதலில் அந்த ஃபிரிட்ஜிலிருந்து பிரெட்டை வெளியே எடுங்கள். பிரெட் காய்ந்து போவதால்தான் கெட்டியாகிறது என்று நாம் நினைக்கிறோம். அது முழு உண்மையில்லை. 1852-லேயே பூசாங்கோ என்ற பிரெஞ்சு வேதியியலாளர் ரொட்டியைக் காற்றுப் புகாமல் அடைத்து வைத்துப் பார்த்தார். ஈரம் துளியும் வெளியே போகவில்லை. ஆனாலும் ரொட்டி பழசாகி விறைத்தது. அதையே மறுபடி சூடாக்கியபோது இளகியது. காரணம் மாவுச்சத்து. அடுப்பில் வேகும்போது தண்ணீரைக் குடித்து இளகிய மாவுச்சத்து, ஆறியபின் மெல்ல மெல்ல இறுகிப் படிகமாகிறது. ராத்திரி மீந்த சோற்றை ஃபிரிட்ஜில் வைத்தால் காலையில் அரிசி அரிசியாக விறைத்து நிற்கிறதே, அதேதான் இதுவும். இந்த இறுக்கம் மிக வேகமாக நடப்பது உறைநிலைக்குச் சற்று மேலே, அதாவது சரியாக நம் ஃபிரிட்ஜின் குளிரில். ஃபிரிட்ஜ் பூஞ்சையைத் தள்ளிப்போடும், ஆனால் பிரெட்டின் மென்மையைப் பறித்துவிடும்.

அதனால் இரண்டே இடம்தான். இரண்டு நாளில் தீருமென்றால் வெளியே, வாய் கட்டிய கவரில். தீராதென்றால் வாங்கிய அன்றைக்கே மேலே ஃப்ரீசரில். அங்கே இறுகுவது ஏறக்குறைய நின்றே போகும். வேண்டிய துண்டுகளை மட்டும் எடுத்து நேராகத் தோசைக்கல்லில் போடுங்கள். ஐஸ் விடும் வரை காத்திருக்க வேண்டாம்.

ஏற்கெனவே விறைத்துப் போனதற்கும் வழி இருக்கிறது. இட்லிப் பானையில் தண்ணீர் கொதித்ததும் தட்டில் துணி விரித்து, துண்டுகளை அடுக்கி ஒரே ஒரு நிமிடம் ஆவி காட்டுங்கள். சூடு 60 டிகிரி செல்சியஸைத் தாண்டியதும் இறுகிய மாவுச்சத்து மறுபடி இளகும். பஞ்சு மாதிரி எழுந்து வரும். உடனே சாப்பிட்டுவிட வேண்டும், ஆறினால் முன்னைவிடச் சீக்கிரம் இறுகும்.

இப்போது, எது வரைக்கும் சாப்பிடலாம் என்ற கேள்வி. கெட்டியானது வேறு, கெட்டுப்போனது வேறு. பச்சை, கறுப்பு, வெள்ளை என்று எந்த நிறத்தில் ஒரு சின்னப் புள்ளி தெரிந்தாலும் பாக்கெட்டோடு போகட்டும். அந்த ஓரத்தை மட்டும் கிள்ளிப் போட்டுவிட்டு மீதியைப் பயன்படுத்தும் வழக்கம் பல வீடுகளில் இருக்கிறது, தயவுசெய்து செய்யாதீர்கள். கண்ணுக்குத் தெரிவது பூஞ்சையின் மேல்பகுதிதான், அதன் இழைகள் துளைதுளையான பிரெட்டுக்குள் எவ்வளவோ தூரம் ஓடியிருக்கும். சில பூஞ்சைகள் விடும் நச்சு, டோஸ்ட் செய்கிற சூட்டில் அழியாது. கெட்டுவிட்டதா என்று மூக்கருகே வைத்து மோந்து பார்ப்பதும் கூடாது, பூஞ்சையின் தூள் மூச்சில் ஏறும்.

வெயில் காலத்தில் இன்னொன்றும் உண்டு. வெளியே பார்க்க நன்றாக இருக்கும், பிய்த்தால் நடுப்பகுதி பிசுபிசுவென்று நூல் நூலாக இழுபடும், கனிந்து போன அன்னாசி மாதிரி வாசனை வரும். பேக்கரி அடுப்பின் சூட்டுக்கும் தப்பிவிடும் ஒரு பாக்டீரியாவின் வேலை அது. அதையும் தூக்கிப் போடுங்கள்.

இந்த இரண்டும் இல்லாத, வெறுமனே விறைத்த பிரெட் இருக்கிறதே, அதைப் பழசு என்று நான் சொல்லவே மாட்டேன். புது பிரெட்டால் செய்ய முடியாததை அது செய்யும். புதிதாக இருக்கும்போது ஈரம் பட்டால் குழைந்துவிடும். விறைத்தபின் அதே ஈரத்தைக் குடித்துக்கொண்டு உருக்குலையாமல் நிற்கும். பழைய ரொட்டியைப் பாலிலும் முட்டையிலும் தோய்த்துச் சுடும் பிரெஞ்சுக்காரர்கள் அதற்கு வைத்த பெயருக்குத் ‘தொலைந்த ரொட்டி’ என்று அர்த்தம். நம் ஊரில் அதுதான் பாம்பே டோஸ்ட். ஹைதராபாத்காரர்களின் டபுள் கா மீட்டாவும் நெய்யில் பொரித்த ரொட்டியைப் பாகிலும் பாலிலும் ஊற வைப்பதுதான்.

உங்கள் உப்புமா களியாவதற்கு வருவோம். வழக்கமாக நடப்பது இதுதான்: தக்காளி வதங்கும்போது பிரெட்டையும் போட்டு, மேலே தண்ணீர் தெளித்து, மூடி வைக்கிறோம். மூன்றுமே தப்பு. முதலில் பிரெட்டைச் சதுரமாக நறுக்கி, எண்ணெய் இல்லாமல் தோசைக்கல்லில் நாலு பக்கமும் லேசாக மொறுமொறுப்பாகும் வரை பிரட்டி எடுத்துத் தனியே வையுங்கள். கடுகு, உளுத்தம்பருப்பு, கறிவேப்பிலை, பச்சை மிளகாய், வெங்காயம் தாளித்துத் தக்காளியைப் போட்டு, எண்ணெய் பிரிந்து தொக்கு மாதிரி சுருளும் வரை விடுங்கள். பிரெட்டிலேயே உப்பு இருப்பதால் உப்பைக் குறைத்துப் போடுங்கள். அடுப்பைச் சிறுதீயில் வைத்து, பிரெட்டைக் கொட்டி, கரண்டியால் அழுத்தாமல் அடியிலிருந்து மேலாகப் புரட்டினால் போதும். இரண்டு நிமிடத்தில் இறக்கி எலுமிச்சை பிழியுங்கள். தண்ணீர் ஒரு சொட்டுக்கூட வேண்டாம், தக்காளியில் இருப்பதே தாராளம்.

ஆனால் பாதிப் பாக்கெட் மீந்தால் நான் கை வைப்பது பிரெட் அல்வாவில்தான். ஆம்பூர், வாணியம்பாடிப் பக்கம் முஸ்லிம் வீட்டுக் கல்யாணத்துக்குப் போயிருந்தால் பிரியாணியோடு அதைச் சாப்பிட்டிருப்பீர்கள். ஒருமுறை விருந்தாளிகள் வருகிறார்கள் என்று, பழைய பிரெட்டில் செய்தால் மரியாதையாக இருக்காதென நினைத்து, அன்றைக்கு வாங்கிய பிரெட்டில் செய்தேன். நெய்யை இழுத்துக்கொண்டு சொதசொதவென்று ஆகி, கடைசியில் பசை மாதிரி பல்லில் ஒட்டியது. மறுவாரம் மூன்று நாள் பிரெட்டில் செய்தபோதுதான் கல்யாண வீட்டுப் பக்குவம் கிடைத்தது.

எட்டுத் துண்டு பிரெட்டை ஓரத்தோடு சின்னச் சதுரங்களாக நறுக்குங்கள். கால் டம்ளர் நெய்யைக் காய வைத்து, இரண்டு மூன்று தடவையாகப் பொன்னிறத்தைத் தாண்டிக் கொஞ்சம் சிவக்கும் வரை வறுத்தெடுங்கள். அல்வாவின் நிறம் இந்த வறுவலிலிருந்து வர வேண்டும், கலர்ப்பொடி தேவையே இல்லை. ஆனால் கடைப் பால் பிரெட்டில் சர்க்கரை இருப்பதால் சட்டென்று கருகும். தீ நிதானமாக இருக்கட்டும். அதே வாணலியில் முக்கால் டம்ளர் சர்க்கரைக்கு ஒரு டம்ளர் தண்ணீர் விட்டுக் கரைந்து கொதித்தால் போதும், கம்பிப் பதம் வேண்டாம். ஏலக்காய்ப் பொடி, அரை டம்ளர் காய்ச்சிய பால், அதன்பின் வறுத்த பிரெட். போட்டதும் ‘சொர்’ரென்று ஒரு சத்தம் வரும், அரை நிமிடத்தில் பாகு முழுவதையும் குடித்துவிட்டுப் பாத்திரம் வற்றினாற்போல் நிற்கும். பயந்து தண்ணீர் ஊற்றிவிடாதீர்கள். கரண்டியின் பின்பக்கத்தால் மசித்துக்கொண்டே, ஒவ்வொரு ஸ்பூனாக இன்னும் மூன்று ஸ்பூன் நெய் விட்டுக் கிளறினால் ஏழெட்டு நிமிடத்தில் ஓரம் விட்டுச் சுருண்டு வரும். முழுக்க மசிக்காமல் அங்கங்கே சில கட்டிகளை விட்டு வையுங்கள். முந்திரி வறுத்துப் போட்டு இறக்குங்கள்.

இரண்டு மூன்று துண்டுதான் மீதம் என்றால் தூளாக்கி வைப்பதே உத்தமம். அப்படியே மிக்ஸியில் போட்டால் உருண்டு உருண்டு நிற்கும். தோசைக்கல்லில் சிறுதீயில் பத்து நிமிடம், அப்பளம் மாதிரி உடையும் வரை வைத்து, ஆறவிட்டு, விட்டு விட்டு ஓட்டுங்கள். காற்றுப் புகாத டப்பாவில் போட்டு ஃப்ரீசரில் வைத்தால் இரண்டு மாதம் தாராளமாக இருக்கும். கட்லெட்டை மைதாக் கரைசலில் தோய்த்து இதில் புரட்டலாம், குருமா நீர்த்துப் போனால் இரண்டு ஸ்பூன் தூவிக் கெட்டியாக்கலாம். தோசை மாவு தீர்ந்த நாளில் ஆறு துண்டு பிரெட்டோடு அரை டம்ளர் ரவை, கால் டம்ளர் அரிசி மாவு, ஒரு டம்ளர் தயிர் சேர்த்துக் கால் மணி நேரம் ஊற வைத்து அரைத்து, உப்புப் போட்டுத் தோசை வார்த்துப் பாருங்கள். குழம்பில் உப்பு கூடினாலும் பிரெட் போட்டால் சரியாகும் என்பார்கள், அதை மட்டும் நம்ப வேண்டாம். பிரெட் உப்பை மட்டும் தேடிப் பிடித்து உறிஞ்சாது. குழம்பையும் சேர்த்துத்தான் உறிஞ்சும். மிச்சக் குழம்பில் உப்பு அப்படியேதான் இருக்கும்.

இனி மாடு. ஒன்றிரண்டு துண்டு போட்டால் பாதகமில்லை. முழுப் பாக்கெட்டையும் போடாதீர்கள். மாட்டின் வயிறு புல்லுக்கும் வைக்கோலுக்கும் ஆனது. மாவுப் பண்டம் ஒரேயடியாகச் சேர்ந்தால் உள்ளே வேகமாகப் புளித்து அமிலம் ஏறும். மாடு அசைபோடாமல் சுருண்டு படுத்துவிடும். பூஞ்சை பிடித்த பிரெட்டை மாட்டுக்கோ கோழிக்கோ காக்கைக்கோ வைக்கவே வேண்டாம். நல்ல பிரெட்டாகவே இருந்தாலும் துண்டுகளைக் கையில் எடுத்துக் கொடுங்கள், கவரைத் திரும்ப வீட்டுக்குள் கொண்டுவந்துவிடுங்கள்.