விளக்கு இருக்கட்டும், வெளிச்சம் ரோட்டில் விழட்டும்

அன்புள்ள வாசகருக்கு,

உங்கள் கடிதத்தில் எனக்கு மிகவும் பிடித்தது கவுன்சிலர் சொன்ன பதில்தான். "பின்னாடி தெருவுல லைட்டே இல்லைன்னு மறியல் பண்றாங்க, நீங்க வெளிச்சம் ஜாஸ்தின்னு மனு கொடுக்கிறீங்களே!" அவர் சிரித்ததில் தப்பில்லை. தெருவிளக்கு கேட்டு எழுதியே பழகிய கை நம்முடையது. 'வெளிச்சம் அதிகம்' என்கிற மனு எந்த அலுவலகத்திலும் எடுபடாது. நீங்கள் விவரித்திருப்பதைப் பார்த்தால், உங்கள் பிரச்சினையும் அது இல்லை.

முன்பு உங்கள் தெருக் கம்பத்தில் இருந்தது மஞ்சள் சோடியம் விளக்கு. மத்திய அரசு 2015இல் தெருவிளக்குகளை எல்இடிக்கு மாற்றும் தேசியத் திட்டத்தைத் தொடங்கியது. அதன் பிறகு நாடு முழுக்கப் பல தெருவிளக்குகள் வெள்ளை எல்இடி ஆகிவிட்டன, உங்களுடையதும் அப்படித்தான். மின்செலவு பெரிதும் குறைகிறது. கரண்ட் பில் கட்டவே திணறும் உள்ளாட்சிகளுக்கு அது சின்ன விஷயம் இல்லை. அதனால் 'பழைய விளக்கையே கொடுங்கள்' என்று தயவுசெய்து கேட்காதீர்கள்.

கோளாறு பெரும்பாலும் கம்பத்தின் உச்சியில் உள்ள இரும்புக் குழாயில் இருக்கிறது. விளக்கைத் தாங்கும் குழாய் பல கம்பங்களில் மேல்நோக்கிச் சாய்ந்திருக்கும். அதே குழாயில் எல்இடியைச் செருகினால் அதன் முகம் ரோட்டைப் பார்க்காது, எதிர்சாரி வீட்டு மாடியைப் பார்க்கும். எல்இடியோ சின்னச் சின்னப் புள்ளிகளிலிருந்து பீய்ச்சும் ஒளி. நேராகக் கண்ணில் பட்டால் கூசும். கூசிய கண்ணுக்கு மரத்தடி இருட்டு இன்னும் இருட்டாகத் தெரியும். கடைசி பஸ்ஸில் இறங்கி வரும் பெண்ணுக்கு விளக்குத் தெரிகிறது, விளக்குக்கு அந்தப் பக்கம் நிற்பவன் தெரிவதில்லை. பாதுகாப்புக்காகத்தான் இவ்வளவு வெளிச்சம் என்று யாராவது வாதிட்டால் இதைச் சொல்லுங்கள்.

அடுத்தது நிறம். நிறத்தைக் கெல்வின் என்ற அளவில் சொன்னால், சோடியம் விளக்கின் ஒளி சுமார் 2000 கெல்வின். நம் தெருக்களில் மாட்டும் வெள்ளை எல்இடிகள் பெரும்பாலும் 5000க்கு மேல். வெள்ளை எல்இடி என்பது உள்ளே நீல ஒளி விடும் சில்லு, அதன்மேல் மஞ்சள் பூச்சு. எண் ஏற ஏற நீலம் கூடும். அந்த நீலத்தைப் பார்த்துத்தான் நம் கண்ணில் உள்ள சில செல்கள் 'இன்னும் பகல்தான்' என்று மூளைக்குச் சொல்கின்றன; தூக்கத்துக்கான மெலடோனின் சுரப்பது தள்ளிப்போகிறது. அமெரிக்க மருத்துவச் சங்கம் 2016இல் தெருவிளக்குகள் 3000 கெல்வினைத் தாண்ட வேண்டாம் என்று பரிந்துரைத்தது. பிரான்ஸ் 2018 டிசம்பரில் அதே எண்ணைச் சட்டமாகவே வைத்துவிட்டது. கலிபோர்னியாவில் டேவிஸ் என்கிற ஊர் 2014இல் புது எல்இடிகளை மாட்டியது. தெருவாசிகள் உங்களைப் போலவே புகார் செய்ய, குடியிருப்புத் தெருக்களில் அவற்றைக் கழற்றிவிட்டு 2700 கெல்வின் விளக்குகளை மாட்டினார்கள். எல்இடியை அவர்கள் கைவிடவில்லை என்பதைக் கவனியுங்கள்.

ஆனாலும் நீங்கள் எழுதியிருக்கும் உங்கள் அம்மாவின் தூக்கமின்மைக்கு இந்த விளக்குதான் காரணம் என்று மனுவில் எழுத வேண்டாம். இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். 'டாக்டர் சர்டிபிகேட் இருக்கா' என்று கேட்டால் அங்கேயே விஷயம் முடிந்துவிடும்.

தெருக்கோடியில் வயல் இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். பழைய சம்பா ரகங்கள் இரவு நீளுவதைப் பார்த்துக் கதிர் விடுபவை. ராத்திரி வெளிச்சம் பட்டால் கதிர் தாமதமாகும். ஜப்பானில் விவசாயிகள் இதற்காகவே தெருவிளக்குகளை எதிர்த்திருக்கிறார்கள். சென்னைக் கடற்கரையில் முட்டையிலிருந்து வெளிவரும் ஆமைக்குஞ்சுகள் கடலை விட்டுச் சாலை விளக்கை நோக்கி ஊர்ந்து போகின்றன. (ஆமைக் கதையைக் கவுன்சிலரிடம் எடுக்காதீர்கள், மறுபடி சிரிப்பார். நெல்லைச் சொல்லுங்கள்.)

மனுவுக்கு முன் ஒரு சோதனை. ராத்திரி உங்கள் தலையணையில் தலை வைத்துப் பாருங்கள். சுவரில் விழும் ஒளியை விடுங்கள், விளக்கின் முகமே நேராகக் கண்ணுக்குத் தெரிகிறதா? தெரிந்தால் அது திசை தவறிய விளக்கு. அதை அங்கிருந்தே ஒரு படம் எடுங்கள். கம்ப எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். பல ஊர்களில் கம்பம் மின்வாரியத்துடையது, விளக்கு நகராட்சியுடையது. எண் இல்லாவிட்டால் இரண்டு அலுவலகத்துக்கும் மாறி மாறி அலைய விடுவார்கள். விளக்கின் முகம் தரையைப் பார்க்கும்படி குழாயைச் சரிசெய்யுங்கள், வீட்டுப் பக்கம் ஒரு மறைப்புத் தகடு வையுங்கள் என்று கேளுங்கள். ஏணி வண்டி வந்தால் அதிக நேரம் பிடிக்காத வேலை. அடுத்தமுறை மாற்றும்போது 3000 கெல்வினுக்கு மேற்படாத விளக்காகப் போடச் சொல்லி ஒரு வரி சேருங்கள். உங்கள் தம்பி கம்பத்தில் ஏறிச் சாக்கு கட்டுகிறேன் என்கிறாரே, அதை மட்டும் செய்யவே விடாதீர்கள். மேலே ஓடுவது கரண்ட்.

கடைசியாக, விளக்கை எடுக்கவே கூடாது என்று சண்டைக்கு வந்த எதிர்வீட்டு அம்மா. மகள் ஷிஃப்ட் முடிந்து நள்ளிரவில் வருகிறாள் என்று அவர் சொல்வது நியாயம்தானே. முதலில் அவர் வீட்டுக்குப் போங்கள். விளக்கு இருக்கும், வாசலிலும் ரோட்டிலும் இப்போதைவிட நன்றாகத் தெரியும் என்று விளக்கிச் சொல்லி, மனுவின் முதல் கையெழுத்தை அவரிடமே வாங்குங்கள். அது இருந்தால் 'லைட் வேண்டாம்னு சொல்ற கோஷ்டி' என்று உங்களை யாரும் ஒதுக்க முடியாது.

அன்புடன்,
ஆசிரியர்