முதல் அடி யாருக்கு?

1974-இல் அமெரிக்காவில் வெளியான ‘டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ மேசைமேல் ஆடும் கற்பனைக் கதை விளையாட்டு. அதன் 2014-ஆம் ஆண்டு விதிகளின்படி, கதையில் வரும் சண்டையின் ஒரு சுற்று 6 விநாடி. அதற்குள் எல்லாரும் செயல்பட வேண்டும். முந்துவது யார்?

ஒவ்வொருவரும் 20 முகப் பகடையை உருட்டுவர். பெரிய எண் பெற்றவர் முதலில் தாக்குவார். இருவர் உருட்டினால் 20 × 20 = 400 விளைவுகள். அவற்றுள் 20 சமம். மீதி ஆளுக்கு 190.

ஒருவருடைய வீரன் சுறுசுறுப்பானவன் என்றால் அவர் எண்ணுடன் 2 கூட்டுவார்கள். இப்போது சமமாக விழுந்த 20-ம், ஒன்று குறைவாக விழுந்த 19-ம் அவருக்கே. ஆக 229. சமம் 18. எதிரிக்கு 153.

வேகத்துக்குப் பலன் உண்டு; மெதுவானவருக்கும் நம்பிக்கை உண்டு! கூட்டும் எண் 5 ஆனால்? கணக்கிட்டுப் பாருங்களேன்.