மருந்துச் செலவை ஏற்பவர் யார்?

நள்ளிரவில் பிள்ளைக்குக் கடுங்காய்ச்சல் கண்டுவிட்டால், பண்டார் தெங்காரா வட்டாரத்துப் பெற்றோர் உள்ளத்தில் முதலில் எழும் வினா, "எங்கே கொண்டு செல்வது?" என்பதாகும். அடுத்து எழுவது, "கையில் எவ்வளவு இருக்கிறது?" என்பது. இரண்டாவது வினா எழ வேண்டுமா என்பதில்தான் பொது மருத்துவ முறையும் தனியார் முறையும் வேறுபடுகின்றன.

இவ்விரண்டையும் அறியுமுன்னரே தோட்ட மக்கள் வேறொரு முறையை அறிந்திருந்தனர். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மலேரியாக் காய்ச்சல் தோட்டங்களில் பல உயிர்களைக் குடித்தது. சிலாங்கூரில் டாக்டர் மால்கம் வாட்சன் சதுப்பு நிலங்களை வடித்து அந்நோயை அடக்க முனைந்தார். தொழிலாளருக்கு மருத்துவ வசதி அளிக்கும் கடமையைச் சட்டம் தோட்ட முதலாளிகள் மீது சுமத்தியது. நம் பெரியவர்கள் 'டிரெசர்' என்று அழைத்தவரும், அவர் கொடுத்த கசப்பு மருந்தும் இன்றும் பலர் நினைவில் உண்டு. எனினும் அம்மருத்துவம் வேலையோடு பிணைந்தது. வேலை போனால் லயத்து வீட்டோடு மருந்தும் போயிற்று. சுதந்திரத்தை ஒட்டிய ஆண்டுகளில் தோட்டங்கள் துண்டாடப்பட்டபோது இதனைப் பலர் கண்கூடாக உணர்ந்தனர்.

தனியார் மருத்துவம் பணப்பையோடு பிணைந்தது. அங்கே காத்திருப்பு குறைவு; இதனை மறுப்பதற்கில்லை. ஆனால் பெரிய நோய்க்கு வார்டில் சேர்க்குமுன் முன்பணம் கேட்பது வழக்கம். காப்புறுதி எடுத்தவருக்கும், முன்பே இருந்த நோய்க்குப் பணம் கிடைக்காமல் போவதுண்டு.

பொது மருத்துவமோ குடியுரிமையோடு பிணைந்தது. பிரிட்டன் தன் பொது மருத்துவ முறையை 1948-இல் தொடங்கியது. நம் நாட்டில் அரசாங்கக் கிளினிக்கில் குடிமக்கள் செலுத்துவது 1 வெள்ளி. மருத்துவமனையின் மூன்றாம் வகுப்பு வார்டில் நாளொன்றுக்கு 3 வெள்ளி. உண்மைச் செலவு இதனினும் பன்மடங்கு. எஞ்சியதை அரசாங்கத்தின் பொதுப்பணம் ஏற்கிறது. ஆகவே இது எவரும் இடும் தருமம் அன்று.

"கட்டணம் ஒரு வெள்ளிதான், ஆனால் வரிசையில் அமர்ந்தே ஒருநாள் கூலி போய்விடுகிறதே!" என்பார் உண்டு. அக்குறை மெய்யே. ஆயினும், 1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டம் சம்பளத்துடன் கூடிய நோய் விடுப்பை அளிக்கிறது: ஈராண்டுக்குக் குறைவாக வேலை செய்தவருக்கு ஆண்டுக்கு 14 நாள், ஐந்தாண்டை எட்டியவருக்கு 22 நாள். மருத்துவரின் சான்று வேண்டும். விடுப்புத் தொடங்கிய 48 மணி நேரத்திற்குள் நிர்வாகத்திற்குத் தெரிவிக்கவும் வேண்டும். இதனை அறியாமல் காய்ச்சலோடு பால்வெட்டச் செல்வோர் எத்தனை பேர்!

உயிருக்கு ஆபத்தான வேளையில் அருகிலிருப்பது தனியார் மருத்துவமனையாயின் தயங்க வேண்டியதில்லை. உயிர்காக்கும் அவசரச் சிகிச்சை யாருக்குத் தேவைப்பட்டாலும் அளித்தல் வேண்டும் என 1998-ஆம் ஆண்டுத் தனியார் மருத்துவ வசதிச் சட்டம் கூறுகிறது. பின்னர் அரசாங்க மருத்துவமனைக்கு மாறிக்கொள்ளலாம்.

ஆனால் அரசாங்க மருத்துவமனையில் அந்த 3 வெள்ளிக் கட்டணம் நீல அடையாளக் கார்டைக் காட்டுவோருக்கே. பிள்ளையாயின் பிறப்புப் பத்திரம் வேண்டும். பத்திரம் இல்லாத பிள்ளை இங்கேயே பிறந்திருப்பினும், வெளிநாட்டவருக்குரிய பன்மடங்குக் கட்டணம் கேட்கப்படலாம். பிள்ளை பிறந்ததும் காலம் தாழ்த்தாமல் தேசியப் பதிவுத் துறையில் பதிந்துவிடுங்கள்; காலம் கடந்திருந்தாலும் தாமதப் பதிவுக்கு விண்ணப்பிக்க வழியுண்டு.